பச்சைக் கிளிப்

என் தம்பியின் கைக்குத் தப்பிய கறை இந்தத் தெருவில் கிடையாது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் கறை எடுக்கும் அதே லாண்டரியில் இஸ்திரி மேசையில் நின்று தினமும் பார்க்கிறேன். மை, கிரீஸ், குழந்தை துப்பிய மருந்து, எதுவானாலும் முதலில் துணியைத் திருப்பிப் போடுவான். பின்பக்கமாக, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி ஒற்றி எடுப்பான். தேய்க்க மாட்டான். தேய்த்தால் கறை ஊர் சுற்றக் கிளம்பிவிடும் என்பான். வேலை முடிந்ததும் காலரில் ஒரு பச்சைக் கிளிப். கிளிப் ஏறிய துணியை மறுபடி தொட்டியில் போட முதலாளிக்கே அனுமதி இல்லை. அவன் போட்ட சட்டம் அது.

"இன்னொரு தடவ அலசினா என்ன குறைஞ்சிடும் தம்பி?" என்று டெலிவரி வண்டி ஓட்டும் டிரைவர் ஒருமுறை கேட்டார். "கறை போகாதுண்ணே, துணி போயிடும்" என்றான்.

இவ்வளவு தெளிவானவன், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யக் குழாயடியில் உட்கார்ந்தால் வேறு ஆள். முழங்கை நனைந்ததா, குதிகால் நனைந்ததா, நனைத்தது குழாய்த் தண்ணீரா, தரையிலிருந்து தெறித்ததா என்று விசாரணை நடக்கும். பள்ளிவாசலில் கூட்டாகத் தொழும் ஜமாஅத் முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டும்போது இவன் இன்னும் இடது காலைக் கழுவிக்கொண்டிருப்பான். 'ஈரக்கை' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டில் உம்மா, "தொட்டியில மீன் வளர்க்கலாம்னு பார்த்தா, நீ தண்ணிய விட்டு வைக்க மாட்டேங்கிறியே" என்பார்.

அந்தச் சிரிப்பு ஒரு நாள் பிற்பகல், அஸர் தொழுகை நேரத்தில் நின்றது. பாங்கு சொல்லி முடிந்தும் அவன் கறை மேசையை விட்டு நகரவில்லை.

"என்னடா, தொழப் போகலையா?"

"இல்லக்கா."

"உடம்பு சரியில்லையா?"

"குழாயப் பார்த்தாலே பயமா இருக்குக்கா. உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல. தொழுகையே வேணாம்னு விட்டுடுவேனோன்னு இருக்கு."

சின்னப் பிள்ளையிலிருந்து ஒரு வேளையும் விடாதவன். கையை நீட்டினான். விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றதில் எவர் சட்டைப் பையிலோ என் இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்துவிட்டது.

அன்று சாயந்திரமே பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் அழைத்துப் போனேன். பொறுமையாகக் கேட்டார். "இது வஸ்வாஸ், தம்பி, மனசுல வந்து விழுற வீண் சந்தேகம். நீ கழுவினது உறுதி. முடிச்ச பிறகு வர்ற சந்தேகம் அந்த உறுதிய உடைக்காது. ஒரு தடவ ஒளு செய், எழுந்து வந்துடு. டாக்டரையும் பாரு, இதுக்கு வைத்தியம் இருக்கு."

தம்பியின் முகம் தெளிந்தது. வாசல் வரை வந்தவன் திரும்பிப் போனான்.

"ஹஜ்ரத், நீங்க சொன்னது என்னை மாதிரி ஆளுக்கும் சேர்த்துத்தானே?"

"உனக்குத்தான்ப்பா சொன்னேன்."

செருப்பை மாட்டினான். கழற்றினான்.

"இல்ல, நான் விஷயத்த முழுசா சொன்னேனா? எதையாவது விட்டிருந்தா நீங்க சொன்னது மாறுமா?"

ஹஜ்ரத் என்னைப் பார்த்தார். "அம்மா, இவன் இப்ப என்னைத் திரும்பத் திரும்பக் கழுவுறான். கூட்டிட்டுப் போங்க."

டாக்டரம்மா அவனுக்கு மாத்திரையும் பயிற்சியும் கொடுத்தார். எனக்கும் ஒரு பத்தியம் வைத்தார். சரியாகக் கழுவினேனா என்று அவன் கேட்டால் நான் பதில் சொல்லக் கூடாது. "ஆமான்னும் சொல்லாதீங்க. ஒண்ணுக்குப் பதில் கிடைச்சா அடுத்த கேள்வி வந்து நிக்கும்." எனக்கு உப்பில்லாமல் சாப்பிடச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் லாண்டரியின் பின்கட்டில் ஒளு செய்தான். எழுந்தான்.

"அக்கா, குதிகால் நனைஞ்சுதுல்ல?"

என் வாய் துறுதுறுத்தது. அவன் கை மறுபடி குழாய்க்குப் போனது. நான் மேசையிலிருந்த பச்சைக் கிளிப்பை எடுத்து அவன் காலரில் மாட்டினேன்.

"என்னக்கா இது?"

"உன் சட்டம்தான்."

"சுத்தமாயிட்டேன்னு அர்த்தமா?"

"நீ மாட்டுறப்ப என்னடா அர்த்தம்?"

கிளிப்பைத் தொட்டுப் பார்த்தான். "கறை போச்சா இல்லையான்னு கிளிப்புக்கு என்ன தெரியும்? இனிமே தண்ணி கிடையாது, அவ்வளவுதான்."

சொன்னவன் குழாயைப் பார்த்தான். "பயம் போகலக்கா" என்றான். பயத்தோடேயே பள்ளிவாசலுக்குப் போனான்.

திரும்பி வந்தபோதும் காலரில் கிளிப் இருந்தது. "ஜமாஅத்ல நின்னேன்க்கா! பக்கத்துல நம்ம டிரைவர். தொழுகை முடிஞ்சு சலாம் கொடுத்ததும், 'உன்னை எந்த வீட்டுல டெலிவரி பண்ணணும்'னு கேக்குறாரு."

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறான். நானும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நேற்று பாங்கு கேட்டதும் கிளிப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். குழாயடி காலி. ஆள் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தான். தரைகூட அவ்வளவாக நனையவில்லை. இவ்வளவு சீக்கிரமாகவா? காலைக் கழுவினானா இல்லையா?

கிளிப்பை என் முந்தானையில் மாட்டிக்கொண்டு இஸ்திரி மேசைக்குத் திரும்பினேன்.