செட்டிகுளத்தில் விரித்த கூடாரம்

செட்டிகுளம் மலையடிவாரத்தில், ஒரு புளியமரத்து நிழலில் காரை நிறுத்தியிருக்கிறோம். பின்னால் இழுத்து வந்த சின்ன டிரெய்லரை நானும் மகளும் விரிக்கிறோம். கம்பிகளைத் தூக்கி நிறுத்தினால் அதன் மேலேயே கூடாரம் எழும்பிவிடுகிறது.

போன வருசம் வரைக்கும் கோயில் பயணமெல்லாம் எங்கள் பழைய கேரவனில்தான். ஊர்த் தெருக்களில் அது திரும்பாது என்று விற்றுவிட்டோம். "என்ன மச்சான், கேரவன்ல போனவங்க இப்ப கூடாரத்துக்கு எறங்கிட்டீங்களா?" என்று மச்சினன் கேட்டதிலிருந்து என் மனைவி செல்விக்கு முகம் வாடியே இருக்கிறது. கூடாரத் துணி முழுக்க அவள் கையால் தைத்தது. விளிம்பில் மஞ்சள் தொங்கலும் வைத்திருக்கிறாள். "நான் தைச்சேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்கிறாள்.

கூடாரம் நிமிர்ந்ததும் எதிர் வீட்டு அம்மா ஒருவர் குடத்தோடு ஓடி வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிறார்.

"எந்த ஊரு சாமிங்க? இங்கேயே தீபாராதனை உண்டா?"

நான் பதறிப்போகிறேன். "ஐயோ, சாமி இல்லீங்கம்மா. நாங்க தங்குற கூடாரம். முருகனைப் பாக்க வந்திருக்கோம்."

"அட முருகா! தொங்கலைப் பாத்து சப்பரம்னுல்ல நெனைச்சுட்டேன்!"

வாய்விட்டுச் சிரித்தவர் துணியைத் தடவிப் பார்க்கிறார். "தையல் ஒண்ணுகூட கோணலில்லையே. எந்தக் கடையில தைச்சு வாங்குனீங்க?"

நான் செல்வியைத் திரும்பிப் பார்க்கிறேன். மனசுக்குள் முருகனைத்தான் கூப்பிடுகிறேன். செல்வி முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வருகிறாள்.

"கடையில இல்லக்கா. நான்தான் தைச்சேன். உள்ள வந்து பாருங்க."