வெட்டாமல் விட்ட லைன்

பயப்படுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. டெல்லியில் டிரங்க் கால் ஆபரேட்டராகச் சேர்ந்த பிறகு அதற்கு மாதாமாதம் சம்பளமும் கிடைத்தது.

நீளமான ஹால். வரிசையாக சுவிட்ச்போர்டு பலகைகள், பலகைக்கு ஒரு பெண், தலையில் ஹெட்செட். வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் நம்பரைப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். லைன் கிடைத்ததும் நாங்கள் வயரைச் செருகி இணைத்துவிடுவோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் சற்று உயரமான மேஜையில் மானிட்டர் உட்கார்ந்திருப்பாள். எந்தப் பலகையிலும் ஓசைப்படாமல் நுழைந்து கேட்க அவளால் முடியும். நுழைந்தால் எங்கள் காதில் சத்தம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான் அறிகுறி. உடனே முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அந்த மானிட்டர் அம்மாள் தப்பு கண்டுபிடித்தால் அப்போதே சொல்ல மாட்டாள். ஷிப்ட் முடியும்வரை வைத்திருந்து, எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். யார் வீட்டில் என்ன சமையல் என்பதுவரை வாய் கிழியப் பேசும் பெண்கள், அந்த ஹாலுக்குள் வந்ததும் தும்மலுக்குக்கூட அனுமதி கேட்பவர்களாக மாறிப்போனார்கள். நானும்தான்.

எமர்ஜென்சி காலம். அவள் ஒரு வாரம் லீவில் போக வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

"அடுத்த மானிட்டர்களை இப்பவே தயார் பண்ணணுமாம், மேலேயிருந்து உத்தரவு. நீ உட்காரு" என்றாள் ஹிந்தியில்.

"நானா மேடம்? என்னைவிட சீனியர் இருக்காங்களே."

"இருக்காங்க. ஆனா இந்த ஹால்லயே ரொம்பப் பயந்தவ நீதான். பயந்தவளால எனக்குத் தலைவலி வராது."

தலைமைப் பதவிக்கு நான் தேர்வான லட்சணம் இதுதான். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்று அந்த மேஜையில் ஏறி உட்கார்ந்தபோது வரவில்லை. கீழே இருக்கும்போது எனக்கு ஒருத்தியிடம்தான் பயம். மேலே போனதும் ஹால் முழுக்கப் பயம். யார் தப்பு செய்தாலும் என் தலைதான் உருளும்.

ஐந்தாறு நாள் ஒன்றும் ஆகவில்லை. லீவு முடிகிற நேரத்தில் ஆயிற்று.

மெட்ராஸ் பக்கம் போகும் லைன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு பஞ்சாபிப் பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பா இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் சும்மா அவள் பலகையில் நுழைந்தேன். காதில் ஒரு ஆண் குரல், தமிழில், ஓவென்று அழுதுகொண்டிருந்தது. அதே நேரம் அவள் பலகையில் இன்னொரு விளக்கு எரிந்தது. பெரிய இடத்து வீடு, மெட்ராஸ் லைன் உடனே வேண்டும். மற்ற லைன்கள் எல்லாம் அன்று பழுது. விதி தெளிவானது: சாதாரண அழைப்பை வெட்டிவிட்டுப் பெரிய இடத்துக்கு லைன் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் அந்த வீட்டைக் காக்க வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

அவள் வெட்டவில்லை. விளக்கு எரிகிறது. இவன் அழுகிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'வெட்டு'. வாய் திறக்கவில்லை. அப்போது அந்தப் பெண் சட்டத்தை மீறி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஒரு தீவிரம். 'நான் வெட்ட மாட்டேன், நீ என்ன செய்வாய்?' என்று கேட்பதுபோல எனக்குப் பட்டது. அடிப்பாவி, என்ன தைரியம் என்று நினைத்தேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் என்ன சொல்லி அழுகிறான் என்பது ஹாலிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் புரிந்தது.

"தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில எம் பேரைப் போடலியே அண்ணே! பெரியப்பா பேரன் பேரு வரைக்கும் போட்டிருக்கு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவன் பேசி முடிப்பதற்குள், பெரிய இடம் கோபத்தில் போனை வைத்துவிட்டிருந்தது. சற்று நேரத்தில் ஆள் வந்து சொன்னான்: நாளைக் காலை பெரிய அதிகாரியைப் பார்க்க வேண்டும், மானிட்டர் மட்டும்.

வீடு இருந்த ஜனக்புரிக்குப் போகும் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யார் இறங்கினார்கள், ஒன்றும் நினைவில்லை. வீட்டில் சொன்னதும் என் கணவர் முதலில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அவர் பாங்கில் வேலை பார்த்தார். அங்கே ஒருவரை, ஏதோ பேசினார் என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போய், ஆள் எங்கே என்று வீட்டுக்கே தெரியாமல் இருந்தது.

"அந்தப் புள்ளதான் வெட்டலன்னு சொல்லிரு. அதான நெசம்?" என்றார்.

"அவ வேலை போயிரும்ங்க."

"ஒன் வேலை போனா? வேலையோட போனாப் பரவால்ல. ஆளையே கூட்டிட்டுப் போனா?"

அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அதிகாரி என்னை உட்காரச் சொல்லவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர், யார் என்று சொல்லாமல், சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும்தான் கணவர் ஜன்னலைச் சாத்தியது நினைவுக்கு வந்தது.

"லைனை வெட்டாமல் விட்டது யார்?"

அந்தப் பெண்ணின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது திரும்ப உள்ளே போனது நான் நல்லவள் என்பதால் அல்ல. நேற்று அவள் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. இத்தனை பயந்த ஹாலில் ஒருத்திக்காவது சொந்தமாக முடிவெடுக்கத் தெரிந்திருக்கிறது, அவளையும் பிடித்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் அங்கே யார்தான் மிச்சம் என்று தோன்றியது.

"நான் லைனில் இருந்தேன் சார். வெட்டச் சொல்லவில்லை. அப்படியானால் அது என் உத்தரவுதான்."

"ஏன்?"

"அவர் அழுதார் சார்."

"நீ மதராசிதானே. என்ன சொல்லி அழுதான்?"

கல்யாணப் பத்திரிகை என்று சொன்னால் தீர்ந்தது கதை. பொய்யாகச் சாவு என்று சொன்னால் விசாரித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கிருந்து வந்ததோ தெரியாது, வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிமொழி வாயில் வந்தது.

"லைனில் கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறீர்கள் சார்."

அதிகாரி சும்மா பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு ஒரு மெமோ, மானிட்டர் மேஜையிலிருந்து இறக்கம், பழையபடி பலகை. வெளியே வந்து வராந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிழைத்தோம் என்று நம்பவே நேரம் பிடித்தது.

மத்தியானம் காண்டீனில் அந்தப் பெண் டீயை வாங்கிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"தீதி, அந்த ஆள் அப்படி அழுதாரே, யார் செத்துப் போனது?" என்றாள். ஹிந்தியில் தீதி என்றால் அக்கா.

"யாரும் சாகலை."

அதற்கு மேல் அவளிடம் சொல்லவில்லை. பாராட்டத்தான் நினைத்தேன். "ஆனா நீ செஞ்சது பெரிய விஷயம். அவ்வளவு பேர் பயந்துகிட்டிருக்கும்போது நீயா ஒரு முடிவு எடுத்தே பாரு" என்றேன்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"நான் எங்கே தீதி முடிவெடுத்தேன்? சத்தம் இறங்கிச்சு, நீங்க லைன்ல இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. நீங்க சொல்வீங்க, சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். பயத்துல திரும்பிக்கூடப் பார்த்தேன். நீங்க ஒண்ணும் சொல்லலை."

அதிகாரி அறையில்கூட வராத பயம் எனக்கு அப்போது வந்தது. அவளிடம் நான் கண்ட தைரியம் வெறும் நடுக்கம். என்னிடம் அவள் கண்ட உத்தரவும் அதேதான். ஒருத்தி வாய்க்காக இன்னொருத்தி காத்திருந்தோம். காத்திருக்கும் இன்னொரு அழைப்பில் யாராவது நிஜமாகவே செத்துக்கொண்டிருந்து, அதற்காக இவள் லைனை வெட்ட வேண்டிய நேரத்திலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்போம். இந்த லட்சணத்தில் என்னைத்தான் அடுத்த மானிட்டராகத் தயார் செய்தார்கள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இனிமே என்னைத் திரும்பிப் பார்க்காதே. வெட்டணும்னு தோணினா வெட்டு, விடணும்னு தோணினா விடு. எது ஆனாலும் மேலே நான் பேசிக்கிறேன்."

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு டீயை எடுத்தாள்.

"நீங்கதான் இப்ப மானிட்டர் இல்லையே தீதி" என்றாள்.

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அந்த நாற்காலியில் இருந்த நாட்களில் 'மேலே நான் பேசிக்கிறேன்' என்ற வாக்கியத்தை நான் ஒருத்தியிடமும் சொல்லவில்லை.