ஊர்ப் பக்கம் திரும்பிய குழாய்

ஈச்சம்பேடு பஞ்சாயத்துக்கு ரேடியோ கொண்டுவந்த புண்ணியவான் லாசரஸ். 'புண்ணியவான்' என்பது பஞ்சாயத்துத் தலைவர் சுந்தரராமன் மைக்கில் சொன்ன வார்த்தை. லாசரஸ் அதை மறுத்துப் பேசவில்லை. மேலதிகாரி பேசியதை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத குமாஸ்தா அவர்.

குடும்பம் தாம்பரத்தில். வாரம் முழுக்கப் பஞ்சாயத்து ஆபீஸிலேயே படுத்துக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் கால்வாயை ஓடத்தில் தாண்டி வீட்டுக்குப் போவார். ஆபீஸ் பானையில் தண்ணீர் மொள்ளுவதற்கு முன்னால்கூட யாராவது தலையசைக்க மாட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவர் ரேடியோ விஷயத்தில் மட்டும் எப்படிப் பிடிவாதக்காரர் ஆனார் என்பது அவருக்கே ஆச்சரியம். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி ஜெயசீலி சொல்வார். ஈச்சம்பேட்டிலும் கடல் இருந்தது. கடலோரத்தில் குப்பம் இருந்தது. புயல் வருகிறது என்று அந்தக் குப்பத்துக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

யூனியன் ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். மறு வருஷம் ரேடியோ வந்தது. பெட்டி ஆபீஸுக்குள்; பெரிய குழாய் ஸ்பீக்கர் ஒன்று வெளியே கம்பத்தில். கம்பம் நட்டவர்கள் குப்பத்துக் கட்டுமரக்காரர்களான பாலகுருவும் அவன் மச்சான் லோகுவும்.

"இன்னா சார், இம்மாம் பெருசா கீது! புயலு இதுக்குள்ள பூந்துகினு வருமா?" என்றான் மேலே இருந்த பாலகுரு.

"மச்சான், எங்க அக்கா கத்தி உனக்குக் கேக்காதது இதுலயா கேக்கப் போவுது?" என்றான் லோகு, கீழே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு.

அக்கா என்பது காந்தா, பாலகுருவின் மனைவி. "ரெண்டு பேருக்கும் இன்னிக்குச் சோறு கிடையாது, போ" என்றாள் அவள். குழாய் கிழக்கே, கடலைப் பார்த்து நின்றது.

அது அன்று ஒரு சாயங்காலம்தான் அப்படி நின்றது. ஆபீஸுக்கு மேற்கே ஓட்டு வீடுகளும் மின்சார விளக்கும் உள்ள ஊர். கிழக்கே சவுக்குத் தோப்பைத் தாண்டிக் குப்பம். சிலோன் ரேடியோப் பாட்டெல்லாம் குப்பத்துக்குப் போய்ச் சேர, ஊருக்கு வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. தலைவர் வீட்டு அம்மாள் தனம் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏன் லாசரஸ், மீனெல்லாம் பாட்டுக் கேக்கணும்னு மனு குடுத்துச்சா?"

விடிந்தபோது குழாய் ஊரைப் பார்த்திருந்தது. யார் திருப்பியது என்று யாரும் கேட்கவில்லை. லாசரஸ் மட்டும், "சார், இது புயல் எச்சரிக்கைக்காகக் குடுத்தது..." என்று தலைவரிடம் முனகினார். சுந்தரராமன் நியாயஸ்தர். கூட்டம் போட்டுத் தீர்மானமே நிறைவேற்றினார்: குழாய் சாதாரண நாட்களில் ஊர்ப் பக்கம் இருக்கும், புயல் அபாயம் வந்தால் குப்பத்துப் பக்கம் திருப்பப்படும், திருப்புவதற்குத் தலைவரின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். கூட்டத்துக்குக் குப்பத்திலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவர்கள் தொழில் கெட்டுப்போகும் அல்லவா?

ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் அந்த அபாயம் வந்தது. மெட்ராஸ் ரேடியோ செய்தியில் நிதானமாகச் சொன்னார்கள்: வங்கக் கடலில் புயல், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். குழாய் அதை ஊர் முழுக்க அறிவித்தது. கடலில் கால் நனைத்தறியாத ஓர் ஊரே கடலுக்குப் போக வேண்டாம் என்ற யோசனையைக் கேட்டுக்கொண்டு, கொடியில் காய்ந்த துணியை எடுத்து உள்ளே போட்டது. அது கட்டுமரங்கள் ராத்திரி வலைக்குப் புறப்படுகிற நேரம்.

லாசரஸ் ஓடினார். கிழக்கே அல்ல. 'குழாயைத் திருப்ப அனுமதி கோரி' என்று ஒரு சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு, மேற்கே தலைவர் வீட்டுக்கு ஓடினார். தலைவர் குளித்துக்கொண்டிருந்தார். லாசரஸ் சீட்டைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றார்.

அங்கே காந்தா மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "இது நேத்து மீனுடி" என்றார் தனம். "ஐயே, கண்ணப் பாரும்மா, உன்னயே முறைச்சிகினு கீது, இதுவா நேத்து மீனு?" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழாய் இரண்டாம் முறை அறிவித்தது. காந்தாவின் கை நின்றது.

"சார், கடலுக்குப் போவாதன்னு சொல்லுதே. அவுங்க இந்நேரம் மரத்தத் தள்ளிகினு இருப்பாங்களே. நீ இன்னா சார் இங்க நின்னுகினு கீற?"

"கையெழுத்தும்மா... சார் இப்ப வந்துருவார்..."

அவள் கூடையை அப்படியே விட்டுவிட்டுத் தோப்புக்குள் ஓடினாள்.

தலைவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து சீட்டைப் படித்தார். வானத்தைப் பார்த்தார். "ஒரு தூறல்கூட இல்லையேய்யா" என்றார். பிறகு பேனா தேடினார். கையெழுத்து விழுந்தது; அழகான கையெழுத்து. லாசரஸ் திரும்பி ஓடி, ஏணி போட்டு, குழாயைக் கடல் பக்கம் திருப்பினார். அப்போது கரையில் இருந்தவர்கள் பெண்களும் கிழவர்களும்தான். அலைக்கு அப்பால் போய்விட்ட மரத்தைப் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி காந்தா கத்திக்கொண்டிருந்தாள். காற்று கடலிலிருந்து அவள் பக்கம் வீசியது.

புயல் ஓய்ந்த பிறகு, கோவளத்துக்குத் தெற்கே கடல் லோகுவைக் கரை ஒதுக்கியது. உடைந்த மரத்துண்டு ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தான். பாலகுரு வரவில்லை. உடலும் வரவில்லை.

பஞ்சாயத்திலிருந்து மேலே அறிக்கை போனது: எச்சரிக்கை உரிய நேரத்தில் ஒலிபரப்பப்பட்டது; குப்பத்துப் பெண் ஒருவர் அதைத் தம் காதாலேயே கேட்டார்; மீனவர் ஒருவர் உயிர் பிழைத்தார். அத்தனையும் உண்மை, ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மேலே மகிழ்ந்துபோய் விழா எடுக்கச் சொன்னார்கள். விழாவுக்காகக் குழாயை மறுபடியும் ஊர்ப் பக்கம் திருப்பினார்கள். 'ரேடியோவால் உயிர் பிழைத்த மீனவர்' என்று லோகுவை மேடையேற்றி மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார்," என்றான் லோகு. "எங்க மச்சானுக்கும் கேக்கல."

சுந்தரராமன் மைக்கைப் பரிவோடு வாங்கிக்கொண்டார். "பாவம், காதுல உப்புத் தண்ணி பூந்திருக்கு. இன்னும் சரியாகலை" என்றார். பலத்த கைதட்டல். அப்புறம் புண்ணியவான் லாசரஸுக்குத் துண்டு போர்த்தினார்கள். லாசரஸ் குனிந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, யாரையும் கேட்காமல், சீட்டு எதுவும் எழுதாமல், ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். போல்ட்டைத் தளர்த்தி, குழாயைக் கிழக்கே திருப்பி இறுக்கினார். இந்த ஒழுங்கீனத்துக்காக அவரைப் பொழிச்சலூர்ப் பக்கம் மாற்றினார்கள். தாம்பரத்துக்கு அது கிட்டத்தில் என்று ஊரில் சிலர் பொறாமைப்பட்டார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்த தண்டனை அந்த மாற்றல் அல்ல. அது அவர் ஏணியை விட்டு இறங்குவதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

கீழே காந்தா நின்றிருந்தாள். அடுத்தவர் பிடித்த மீனைக் கூடையில் வாங்கிக்கொண்டு, ஊருக்குள் விற்கப் புறப்பட்டவள். லாசரஸ் போல்ட்டைத் தளர்த்தியதிலிருந்து இறுக்கியது வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவ்ளோதானா சார்?"

"அவ்வளவுதாம்மா."

"இவ்ளோ நேரந்தான் ஆவுமா?"

லாசரஸின் கால் அடுத்த படியைத் தேடியது, கிடைக்கவில்லை.

"ஆமாம்மா" என்றார்.

காந்தா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்தாள்.