இத்தாலியனில் நாலு வரி

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் நண்பர் ஒருவர் வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்த பாட்லக் விருந்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவருடைய மகள். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதோடு மைனராக, அதாவது துணைப்பாடமாக, இத்தாலியன். "இத்தாலியன் எதுக்கும்மா? ஜாவா எடுத்தா உடனே ஜாப்" என்று ஆளாளுக்கு அட்வைஸ் செய்தோம். எங்களுக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது. தமிழில் என்ன கேட்டாலும் அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பிட்டதும் பிள்ளைகளைப் பாடச் சொல்வது எங்கள் வழக்கம். அவள் முறை வந்தபோது அவள் அப்பா, "பாட்டு வேணாம். அங்கிள் ஆன்ட்டிக்கெல்லாம் இத்தாலியன் பேசிக் காட்டு" என்றார்.

எழுந்து, அம்மாவை மட்டும் பார்த்துப் பேசினாள். கைகள் வெளியே வந்து பேச்சோடு சேர்ந்து அலைந்தன. கடைசி வரியில் குரல் கம்மியது. நாங்கள் கைதட்டினோம். அவள் அம்மாதான் பெருமையோடு வெகுநேரம் தட்டினார்.

பிறகு தண்ணீர் எடுக்கப் போனபோது சமையலறையில் தனியாக நின்றிருந்தாள். "என்னம்மா சொன்னே? தமிழ்ல சொல்லேன்" என்றேன்.

அன்று அவள் தமிழில் பேசியது அப்போதுதான்.

"தமிழ்ல சொன்னா அம்மாக்குப் புரிஞ்சிடும், அங்கிள்."

சொல்லிவிட்டு, கைகளை மறுபடி ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள்.