ஆசை இடுப்பும் அசல் இடுப்பும்

“அளந்ததும் நான், வெட்டினதும் நான், தைச்சதும் நான். அப்புறம் எப்படிடி பத்தாமப் போகும்?”

என் பெரியம்மா மகள் இதைத் தினமும் கேட்டாள். கேள்வி என்னிடம்தான். முறைப்பு மட்டும் தையல் மிஷினிடம், அதுதான் துரோகம் செய்துவிட்டதுபோல.

அக்காவுக்குத் தையல் தொழில். பல் டாக்டரின் கிளினிக்குக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அறைதான் கடை. சுவருக்கு அந்தப் பக்கம் பல்லைக் குடையும் சத்தம், இந்தப் பக்கம் மிஷின் சத்தம். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதனால் அவள் பேசுவது பாதிதான் புரியும், திட்டுவது முழுசாகப் புரியும். கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள்.

முன்பெல்லாம் அளவைத் துண்டுச் சீட்டில் எழுதித் துணியில் குத்தி வைப்பாள். சீட்டு விழும், மின்விசிறி அதை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்கும். இதைப் பார்த்துப் பொறுக்காமல், வெளியூரில் வேலை பார்க்கும் அவள் மகள் போனில் ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தாள். கிளவுடில் இருக்கும், தொலையாது. ஆளுக்கு ஒரு வரி: தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கடைசியில் ‘தயாரா’. லிங்க்கை அனுப்பிவிட்டால், உடுப்பு தயாராகிவிட்டதா என்று வாடிக்கைக்காரர்கள் அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

லிங்க் அனுப்பும்போது போன் கேட்டது: பார்க்க மட்டுமா, திருத்தவுமா?

“பார்க்க மட்டும்னு வைம்மா” என்று மகள் தொண்டை வற்றச் சொன்னாள்.

“வீட்டுக்கு வந்தவங்களை உள்ள வாங்க, ஆனா எதையும் தொடாதீங்கன்னு சொல்லுவியா? என்னை அப்படி வளர்க்கல” என்றாள் அக்கா.

எல்லோருக்கும் எடிட் பெர்மிஷன் போனது. போனவாரம் ஒரே ஒரு பட்டன் தைக்க வந்தவருக்கும் போனது.

அதற்குப் பிறகுதான் உடுப்புகள் இறுக ஆரம்பித்தன. மருந்துக் கடை அம்மாவுக்குப் பாவாடை இடுப்பில் ஏறவில்லை. அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், புதுப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார். கடைசியில் வந்தது பெரிய அடி. பாட்டு டீச்சரின் குழுவுக்கு ஒரே மாதிரி நீலக் கவுன். போட்டுப் பார்க்க வந்த அன்று டீச்சர் மூச்சை இழுத்து ஒரு ஸ்வரம்தான் பிடித்தார். மேல் பட்டன் தெறித்துப் போய்க் கண்ணாடியில் அடித்தது.

டீச்சர் கவுனைக் கழற்றி, அழகாக மடித்து வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“என் கண்ணு போச்சுடி. கையும் போச்சு. இந்தக் கவுனோட சரி, மிஷினை வித்துடறேன்.”

வாயில் குண்டூசி இல்லாமல் சொன்னாள். அந்த மிஷின் இல்லாமல் அவள் என்ன செய்வாள்? எங்கள் வீட்டுக்கு வந்து என் சமையலில் குறை சொல்வாள்.

“சும்மா புலம்பாதக்கா. இந்தா, என்னை அள.”

அளந்தாள். நானே குனிந்து டேப்பைப் படித்தேன். அவள் சொன்னதும் டேப் சொன்னதும் ஒன்றுதான், எனக்குத்தான் வருத்தம். கண் சரி, கை சரி, டேப்பும் சரி. மிச்சம் இருந்தது ஷீட்தான். திறந்தோம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தானின் வரியில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து உட்கார்ந்தது. மேலே அவர் பேர். பேன்ட் பத்தாமல் போனதும் அக்கா மறுபடி அளந்து போட்டிருந்த இடுப்பு நாற்பத்திரண்டு அழிந்தது. முப்பத்தெட்டு என்று வந்தது. கொஞ்சம் யோசித்து முப்பத்தேழு ஆனது.

அத்தான் அப்போது கடை வாசலில் ஸ்டூல் போட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

“யோவ்! உன் தொப்பையைப் போன்லதான் கரைக்கிறியா?”

“நான் மட்டுமா மாத்தினேன்?” என்றார் அத்தான், போனைச் சட்டைப்பையில் ஒளித்தபடி. “எல்லார் அளவும் எல்லாருக்கும் தெரியுது. பட்டன் தைக்க வந்தவன் முப்பத்திநாலு. நான் மட்டும் நாற்பத்திரண்டுன்னு நிக்கணுமா?”

மகளைப் போனில் பிடித்தோம். யார் எதை மாற்றினார்கள் என்று பழைய பதிப்புகளில் இருக்கும், பாருங்கள் என்றாள். பார்த்தோம். டீச்சர் நாலு இஞ்சு குறைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு மருந்துக் கடை அம்மா அஞ்சு. அப்புறம் குழுவே வரிசையாக இளைத்திருந்தது.

“அப்ப என் கை போகல” என்றாள் அக்கா. அதை மட்டும் மறுபடி மறுபடி சொன்னாள்.

நான் போனைப் பிடுங்கி எல்லோரையும் ‘பார்க்க மட்டும்’ ஆக்கினேன். வேலை முடிந்தது என்று காபி போடப் போனேன். அதற்குள் ‘அனுமதி கேட்கிறார்’, ‘அனுமதி கேட்கிறார்’ என்று போன் கத்த, அக்கா ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! உனக்கென்ன பைத்தியமா?”

“கேட்டு வர்றவங்களை முடியாதுன்னு எப்படிடி சொல்றது?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் நாலு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியென்றால் யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

“இதை இன்னொண்ணு காப்பி எடுக்கலாமாடி? எனக்கு மட்டும் தெரியற மாதிரி?”

எடுத்தோம். யாருக்கும் ஷேர் செய்யவில்லை. பாட்டுக் குழுவை மறுபடி வரவழைத்து, டேப்பை மேலே போட்டு, அசல் அளவை அதில் ஏற்றினாள். நல்லவேளை, எப்போதும் உள்தையலில் தாராளமாகத் துணி விடுகிறவள். பிரித்து, விட்டு, மறுபடி தைத்தாள். பழைய ஷீட் அப்படியே திறந்து கிடந்தது, யார் வேண்டுமானாலும் வந்து இளைத்துவிட்டுப் போகலாம்.

கச்சேரி நாளில் அக்காவும் நானும் முன்வரிசை. டீச்சர் உச்ச ஸ்வரத்துக்கு மூச்சை இழுத்தபோது அக்கா என் கையைக் கிள்ளிப் பிடித்தாள். ஒரு பட்டனும் அசையவில்லை. பாட்டு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், நாங்கள் பட்டனைத்தான் பார்த்தோம்.

முடிந்ததும் டீச்சர் நேராக எங்களிடம் வந்தார்.

“பாத்தீங்களா? ஷீட்ல இருக்கற அளவுக்குத் தைச்சா எவ்வளவு கச்சிதமா இருக்கு!”

“ஆமா டீச்சர்” என்றாள் அக்கா. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

மிஷினை விற்கும் பேச்சு அதோடு போயிற்று. பழைய கேள்வியும் போயிற்று. இப்போது பல் டாக்டரின் சத்தத்தைப் பற்றித்தான் புலம்பல்.

உங்களுக்கு ஏதாவது தைக்க இருந்தால் அக்காவிடம் போய்ப் பாருங்கள். பல் டாக்டர் போர்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவே கடை. லிங்க் கொடுப்பாள், ஆசை தீரத் திருத்திக்கொள்ளுங்கள். டேப் பிடிக்கும்போது மட்டும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்காதீர்கள். அங்கேயும் திருத்தினால் அவள் என்னதான் செய்வாள்?