எந்த நெல்லையப்பன்?

கேரளத்தில் வித்துராவுக்கு மேலே, மூடிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர் வேலப்பன். தோட்டம் மூடியபின் கட்டட வேலைக்கு இறங்கி, கீழே நகரத்தில், கரமனையில் வாடகை வீட்டில் குடியேறினார். மகள் ஸ்ரீலக்ஷ்மிக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் நர்சிங் இடம் கிடைத்தது. சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு, 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம்; பின்னால் வந்தவர்களுக்கு இங்கே ஒதுக்கீடு கிடையாதாம்.

"எங்க அப்பா இங்கனதான் பிறந்தாரு சாரே," என்றார் வேலப்பன்.

"அதுக்குத் தெளிவு? ஆதாரம்?" என்றார் தாலுகா ஆபீஸ் அதிகாரி.

லயத்தில் பிள்ளை பிறந்தால் யார் பதிந்தார்கள்? தோட்டத்து ஆபீசில் இருந்த காகிதங்களையெல்லாம் கறையான் தின்றுவிட்டிருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் அலுவலகத்துக்குப் போனார். அங்கே வேலை பார்த்த ராஜஸ்ரீ, ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துத் தமிழ்க்காரி; தமிழிலேயே பேசினாள். பழைய மக்கள்தொகைக் கணக்கை எடுத்து வந்து காட்டினாள். தாலுகாவில் தமிழ் பேசுகிறவர்கள் ஆண் இவ்வளவு, பெண் இவ்வளவு.

"இதுல எங்க தாத்தா உண்டா மாடம்?"

"இருப்பார். ஆனா பேர் இருக்காது. தலையை எண்ணினதோட சரி."

வேலப்பன் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். அழுக்காகிவிடுமோ என்று உடனே எடுத்துக்கொண்டார்.

ராஜஸ்ரீக்கு மனசு கேட்கவில்லை. "தொரைகள்லாம் உயில் எழுதி வச்சிருப்பா. வேலைக்காராளுக்கு ஏதாவது கொடுத்திருந்தா பேர் வரும்," என்றாள். வேலைக்கு இடையே தேடவும் தேடினாள். ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. தோட்டத்துத் துரை 1946இல் எழுதிய உயில். பங்களா, பியானோ, துப்பாக்கி எல்லாம் போய், கடைசியில் ஒரு வரி: 'என் குதிரைக்காரன் நெல்லையப்பனுக்கு என் கம்பளிக் கோட்டு.'

வேலப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அது தாத்தாவின் பெயர்; அவர் குதிரை பார்த்தவர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். கோட்டைப் பற்றிச் சொன்னதில்லை. நகலைக் கசங்காமல் பிடித்தபடி பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "எந்த நெல்லையப்பன்? அப்பன் பேரு இல்ல, ஊரு இல்ல, சாதி இல்ல. உங்க தாத்தாதான்னு நான் எப்படி எழுத?"

"தோட்டத்துல குதிரைக்காரன் அவரு ஒருத்தருதான் சாரே."

"அதுக்குத் தெளிவு?"

சாட்சி சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் எப்போதோ செத்து, தோட்டத்து மலைச்சரிவில் புதைந்து கிடந்தார்கள்.

அதிகாரி கெட்டவர் அல்ல. எங்கே மேல்முறையீடு செய்வது என்று அவரே சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பதில் வருவதற்குள் நர்சிங் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விட்டது. வந்த பதிலும் 'போதிய ஆதாரமில்லை' என்பதுதான்.

"செத்தவருக்குக் கோட்டு கிட்டிச்சு. என் மோளுக்கு என்ன கிட்டிச்சு?" என்று மனைவி பூமாரி கத்தினாள்.

ஸ்ரீலக்ஷ்மி சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறாள்.

"அடுத்த வருஷமும் அப்ளை பண்ணலாம்னு டீச்சர் சொன்னாங்க அப்பா," என்றாள் ஒருநாள்.

வேலப்பன் தலையாட்டினார். அப்போதும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.