தொட்டாலும் சுகரா?

அந்த வெல்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. அவர் மேல் அல்ல.

பாரிவாக்கத்தில் எங்கள் நகர் வருவதற்கு முன்பே இருந்த காலனியில் அவர் வீடு. மலேசியாவில் வேலை பார்த்தபோது அந்த ஊர்ப் பெருநாள் பலகாரங்களைக் கற்றுக்கொண்டு வந்தவர். முன்கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. கிறிஸ்துமஸுக்கு அந்தக் கையால் பஹுலு சுடுவார். பூ அச்சில் வார்த்த குட்டி முட்டை கேக். சிவப்பு மூடி போட்ட டப்பாக்களில் வைத்திருப்பார். ஆள் உள்ளே வந்ததுமே மூடியைத் திறந்துவிடுவார்.

எங்கள் நகர் கால்வாய்க்கு அவர் வீட்டோரம் கொஞ்சம் இடம் தேவைப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அதைக் கேட்க எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரோடு நானும் போனேன்.

"இடம்தானே, எட்துக்கோ சார்," என்று டப்பாவை நீட்டினார்.

"வேண்டாம்ப்பா, எனக்கு சுகர்," என்றார் செயலாளர்.

"துன்ன வேணா சார். சும்மா தொட்டு உதட்டுல வெச்சினு போ. மலாய்க்காரங்க ஊட்ல அதான் வழக்கம். தொடாம போனா வழில எதுனா ஆயிடும்பாங்க."

செயலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் இரண்டு எடுத்துத் தின்றேன். வெல்டர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இன்னா சார், தொட்டாக்கூடவா சுகரு ஏறும்?"

செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்றைக்கே கரையான்சாவடி டீக்கடையில் அதே மனுஷன், "ரெண்டு டீ, ஒண்ணுல சக்கர தூக்கலா," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்கரை தூக்கலானதைத் தான் எடுத்துக்கொண்டு, இன்னொரு கிளாஸை என் பக்கம் தள்ளினார்.

நான் தொடவில்லை.